குற்றப் பரம்பரைச் சட்டம்

குற்றப் பரம்பரைச் சட்டம் என்பது பிரித்தானிய இந்தியாவில் 1871 ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1911, 1924 ஆகிய ஆண்டுகளில் மாற்றி விரிவாக்கப்பட்ட ஒரு சட்டம் ஆகும். ஒரு சமூகம் முழுவதையும் குற்றம் புரியும் சமூகம் என அரசு அறிவிப்பதற்கும், அதன் உறுப்பினர்களைப் பதிவேட்டில் பதிந்து அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கும் இச்சட்டம் வழிசெய்தது. தமிழகத்தில், மதுரை நகருக்கு மேற்கே உள்ள சமவெளிப் பகுதிகளில் வாழும் பிறமலைக் கள்ளர் சமூகத்தினர் இச்சட்டத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1947 ஆம் ஆண்டிலும், இந்தியா முழுவதும் 1952 ஆம் ஆண்டிலும் இச்சட்டம் நீக்கப்பட்டது.

குற்றவியல் நீதி முறைமையின் அடிப்படைக் கருத்துகளை அறிய விரும்புவோருக்கு இச்சட்டம் ஒரு முக்கியமான எடுத்துக்காட்டு ஆகும். அக்கருத்துகள் எதற்காக உள்ளன என்பது, அவை விலக்கி வைக்கப்பட்ட இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பார்க்கும்போது தெளிவாகப் புலப்படுகிறது.

பெயர்

சட்டத்தின் ஆங்கிலப் பெயருக்கு நேர்ப்பொருள் "குற்றப் பழங்குடிகள் சட்டம்" என்பதாகும். தமிழில் இது குற்றப் பரம்பரைச் சட்டம் என்றே பரவலாக அறியப்படுகிறது. பதிவின்போது கைவிரல் ரேகை எடுக்கப்பட்டதால் தென் மாவட்ட மக்கள் இதனை ரேகைச் சட்டம் அல்லது கைரேகைச் சட்டம் எனவும் அழைத்தனர். "பரம்பரை" என்ற சொல் மூலப் பெயரில் இல்லை. எனினும் பிறப்பின் வழியாகவே ஒருவர் இச்சட்டத்தின் கீழ் வந்தார் என்பதால் தமிழ்ப் பெயர் அதன் உட்பொருளைச் சரியாகவே காட்டுகிறது.

குற்றவியல் நீதியின் அடிப்படைக் கருத்துகள்

ஒரு குற்றம் நிகழ்ந்தால் அதனை விசாரித்து, செய்தவரைக் கண்டறிந்து, தண்டிப்பதற்காக ஒரு சமூகம் அமைத்துக்கொண்டுள்ள நிறுவனங்களும் விதிகளும் சேர்ந்ததே குற்றவியல் நீதி முறைமை எனலாம். காவல்துறை புலனாய்வு செய்கிறது, அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துகிறார், நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது, சிறைத்துறை தண்டனையை நிறைவேற்றுகிறது. இந்நான்கு பணிகளும் வெவ்வேறு கைகளில் இருப்பது தற்செயலானது அன்று. ஒருவர் செய்யும் தவறை மற்றொருவர் தடுக்க வேண்டும் என்பதே இப்பிரிவினையின் நோக்கம். இம்முறைமை பின்வரும் கருத்துகளின் மேல் நிற்கிறது:

1. செயலே குற்றம். ஒருவர் செய்த செயலுக்காக (அல்லது செய்யக் கடமைப்பட்டதைச் செய்யாமல் விட்டதற்காக) மட்டுமே அவரைத் தண்டிக்கலாம். பெரும்பாலான குற்றங்களில் செயலுடன் குற்ற நோக்கமும் இருந்திருக்க வேண்டும். ஒருவர் யார் என்பது குற்றம் ஆகாது.

2. குற்றம் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். செய்த காலத்தில் குற்றமாக இல்லாத ஒன்றைப் பின்னர் குற்றமாக்கித் தண்டிக்கக் கூடாது. இந்திய அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்பு இதனை உறுதிசெய்கிறது.

3. பொறுப்பு தனிநபருடையது. தந்தை செய்த களவுக்கு மகனோ, மகன் செய்த களவுக்கு ஊரோ பொறுப்பாகாது. பலர் கூடிச் செய்யும் குற்றங்களில் கூட்டுப் பொறுப்பு உண்டு. ஆனால் அங்கும் ஒவ்வொருவரும் அந்த நோக்கத்தில் பங்குகொண்டதைத் தனித்தனியே காட்ட வேண்டும்.

4. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் குற்றமற்றவரே. மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவரைச் சார்ந்தது. நியாயமான ஐயத்திற்கு இடமின்றி அது மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஐயம் எஞ்சினால் அதன் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது.

5. தன் தரப்பைக் கூறும் உரிமை. எதற்காகக் கைது செய்யப்பட்டோம் என அறியவும், வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவும், நடுநிலையான நீதிமன்றத்தின் முன் எதிர்வாதம் செய்யவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு கூறுகிறது.

6. தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அது நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னரே வர வேண்டும்.

இவை யாவும் விடுதலைக்குப் பின் தோன்றியவை அல்ல. 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் குற்றங்களை ஒவ்வொரு செயலாக வரையறுத்தது. 1872 ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை வகுத்தது. காவல் அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது. ஒருவர் கெட்ட நடத்தை உடையவர் என்பதைப் பொதுவாக அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது எனவும் கூறியது. சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்சு பிட்சுசேம்சு இசுடீபன். அவர் அரசப் பிரதிநிதியின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்த காலத்திலேயே, 1871 இல், குற்றப் பரம்பரைச் சட்டமும் நிறைவேறியது. ஆக, குற்றவியல் நீதியின் கருத்துகள் அறியப்படாத காலத்தில் எழுந்த சட்டம் அன்று இது. அறியப்பட்டிருந்த கருத்துகள் சிலருக்குப் பொருந்தாது என முடிவு செய்த சட்டம் ஆகும்.

சட்டத்தின் வரலாறும் அமைப்பும்

1871 ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளிலேயே நடைமுறைக்கு வந்தது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணம் உட்பட பிரித்தானிய இந்தியா முழுவதற்கும் பொருந்துவதாக ஆக்கப்பட்டது. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் முந்தைய விதிகளைத் தொகுத்து அமைத்தது. அதன் செயல்முறையைப் பின்வருமாறு சுருக்கிக் கூறலாம்:

1. அறிவிக்கை: ஒரு குலம், கூட்டம் அல்லது வகுப்பினர் பிணையில் விட இயலாத குற்றங்களைத் தொடர்ந்து செய்பவர்கள் என நம்பக் காரணம் உண்டு என்று மாகாண அரசு கருதினால், அவர்களைக் குற்றப் பரம்பரையினர் என அரசிதழில் அறிவிக்கலாம்.

2. பதிவு: அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் குறித்த நாளில் குறித்த இடத்திற்கு வந்து தம் விவரங்களைக் கூறிக் கைரேகை பதிக்க வேண்டும். வர மறுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

3. கண்காணிப்பு: பதிவு செய்யப்பட்டவர் குறித்த கால இடைவெளிகளில் தம் இருப்பைத் தெரிவிக்க வேண்டும், வெளியூர் சென்றாலும் இருப்பிடம் மாறினாலும் அறிவிக்க வேண்டும்.

4. குடியேற்றம்: அவர்களைக் குறித்த பகுதிக்குள் அடக்கி வைக்கவோ, தனிக் குடியிருப்புகளில் அமர்த்தவோ அரசுக்கு அதிகாரம் உண்டு. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளிலோ சீர்திருத்தப் பள்ளிகளிலோ சேர்க்கவும் இயலும். சென்னை மாகாணத்தில் இரட்சணிய சேனையின் பொறுப்பில் இருந்த இசுடூவர்ட்டுபுரம் இத்தகைய குடியேற்றங்களுள் ஒன்று.

5. கூடுதல் தண்டனை: அட்டவணையில் உள்ள குற்றங்களுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், சிறப்புக் காரணம் இல்லாவிடில், குறைந்தது 7 ஆண்டுச் சிறை, மூன்றாம் முறை எனில் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல். களவு செய்ய இருந்தார் என நீதிமன்றம் கருதும் சூழ்நிலையில் காணப்பட்ட பதிவு பெற்றவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

பதிவேட்டில் தன் பெயர் சேர்க்கப்பட்டது தவறு எனக் கருதுபவர் மாவட்ட நடுவரிடம் முறையிட இயலும். ஆனால் ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என அறிவித்த அறிவிக்கை செல்லுமா என்பதை எந்த நீதிமன்றத்திலும் கேட்க இயலாது என்று சட்டமே தடுத்திருந்தது.

மதுரைச் சமவெளியில்

பிறமலைக் கள்ளர் மதுரைக்கு மேற்கே செக்கானூரணி, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பெருமளவில் வாழ்கின்றனர். ஊர்க் காவல் பணி இப்பகுதியில் அவர்களிடம் நெடுங்காலம் இருந்தது. ஊரின் பயிரையும் கால்நடைகளையும் காப்பதற்கு ஈடாகக் காவல்காரர் தானியமோ பணமோ பெற்றனர். 1859 ஆம் ஆண்டு சென்னை மாகாணக் காவல்துறை சட்டத்தின்வழி அமைக்கப்பட்ட பின்னர், இந்த மரபுக் காவல் முறை அரசின் பார்வையில் மிரட்டிப் பணம் பறிக்கும் வழக்கமாக மாறியது. 1890களில் மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் கள்ளர் காவலுக்கு எதிராக உழவர்கள் திரண்ட நிகழ்வுகளும் உண்டு.

நிலமும் உதவவில்லை. 1895 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் வைகை வழியாக மேலூர் உள்ளிட்ட பகுதிகளை வளப்படுத்தியது. உசிலம்பட்டிப் பகுதியோ மழையை நம்பிய புன்செய் நிலமாகவே நீடித்தது. மரபுத் தொழிலும் போய், நீரும் வராத நிலையில் வறுமை பெருகியது. இப்பகுதியில் களவுகள் நடந்தன என்பதை மறுக்க இயலாது. அவற்றைச் செய்தவர் யார் என ஒவ்வொன்றாகக் கண்டறிவதற்கு மாற்றாக ஒரு சமூகம் முழுவதையும் பட்டியலில் சேர்த்ததே சிக்கலின் மையம் ஆகும்.

மதுரை மாவட்டத்தில், சமணர் மலை அடிவாரத்தில் உள்ள கீழக்குயில்குடியின் கள்ளர்கள் 1914 ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 1918 இல் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதற்கும் அது விரிவாக்கப்பட்டது. பதிவு பெற்ற ஆண்கள் இரவு நேரங்களில் காவல் நிலையத்திலோ ஊரில் குறித்த பொது இடத்திலோ வந்து தங்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல இராதாரிச் சீட்டு எனப்பட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வதும், நோயுற்ற உறவினரைப் பார்க்க அடுத்த ஊருக்குச் செல்வதும் அனுமதியின்றி இயலாதவை ஆயின.

பெருங்காமநல்லூர் நிகழ்வு

உசிலம்பட்டி அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் பதிவை நடத்த அரசு அலுவலர்களும் காவல்துறையினரும் 1920 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வந்தனர். தாங்கள் உழுது பிழைப்பவர்கள் என்றும், தங்களைப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்றும் ஊரார் கூறியதாக வாய்மொழி வரலாறு தெரிவிக்கிறது. ஏப்ரல் 3 அன்று கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. இதில் 16 பேர் உயிரிழந்தனர் என்பது பரவலான கணக்கு. 17 பேர் எனக் கூறுவோரும் உண்டு. இறந்தவர்களுள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர். காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்றபோது அவர் கொல்லப்பட்டதாகக் கூறுவர். பலர் கைது செய்யப்பட்டனர். உயிரிழந்தோர் நினைவாக ஊரில் நினைவுத் தூண் எழுப்பப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று அங்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

அவ்வூரார் அன்று மறுத்தது பதிவேட்டில் கைரேகை வைப்பதை மட்டுமே. எந்தக் களவுக்காகவும் அன்று யாரையும் பிடிக்க அலுவலர்கள் வரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

அடிப்படைக் கருத்துகளுடன் ஒப்பீடு

ஓர் ஊரில் இரவில் ஓர் ஆடு களவு போனதாகக் கொள்வோம். பொதுச் சட்டத்தின்படி, ஆட்டின் உரிமையாளர் புகார் அளிப்பார். காவல்துறை சாட்சிகளை விசாரிக்கும்; ஆடு யாரிடம் கிடைத்தது எனத் தேடும்; சான்று கிடைத்தால் ஒருவர் மீது வழக்குத் தொடரும். அவர் நீதிமன்றத்தில் மறுக்கலாம். சான்று போதாது எனில் விடுவிக்கப்படுவார். இங்கு விசாரணை செயலில் தொடங்கி ஆளை நோக்கிச் செல்கிறது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. ஆள் முதலிலேயே பதிவேட்டில் இருக்கிறார். ஆடு களவு போனாலும் போகாவிட்டாலும் அவர் இரவில் வீட்டில் உறங்க இயலாது. களவு போனால், அன்றிரவு தாம் எங்கு இருந்தோம் என அவரே காட்ட வேண்டிய நிலை ஏற்படுகிறது. குறித்த இடத்தில் இல்லாதிருந்தால் அதுவே ஒரு குற்றம். ஆட்டைத் திருடியதை மெய்ப்பிக்காமலேயே அவரைச் சிறைக்கு அனுப்ப இயலும்.

மேலே கூறிய ஆறு கருத்துகளுள் முதலாவதும் மூன்றாவதும் அறிவிக்கையிலேயே மறைந்துவிடுகின்றன. பிறப்பு செயலின் இடத்தைப் பிடிக்கிறது. சமூகம் தனிநபரின் இடத்தைப் பிடிக்கிறது. நான்காவதும் ஐந்தாவதும் நீதிமன்றக் கதவு அடைக்கப்பட்டதால் பயனற்றுப் போகின்றன. தீர்ப்புக்குப் பின் வர வேண்டிய கட்டுப்பாடுகள் தீர்ப்பே இன்றி வருவதால் ஆறாவதும் நிற்பதில்லை. இரண்டாவது கருத்து ஏட்டளவில் மீறப்படவில்லை. எல்லாம் முன்னரே எழுதப்பட்ட சட்டப்படியே நடந்தன. ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதனால் மட்டுமே அது நீதி ஆகிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

குற்றத்தை முன்கூட்டியே தடுக்க வேறு வழி இல்லாதிருந்தது எனவும் கூற இயலாது. 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவின்படி, வழக்கமாகக் குற்றம் செய்பவர் எனத் தகவல் பெற்ற நடுவர் அவரிடம் நன்னடத்தைப் பிணை கோரலாம். ஆனால் அதற்கு அந்தத் தனிநபரைப் பற்றி விசாரணை நடத்த வேண்டும். அவர் தம் தரப்பைக் கூறலாம். பதிவேட்டு முறை இந்த உழைப்பைத் தவிர்த்தது.

சீரமைப்புப் பணிகள்

இச்சட்டத்தைச் சீர்திருத்தத்திற்கான கருவியாக அரசு விளக்கியது. மதுரை மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விடுதலைக்குப் பின்னும் இன்றைய மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் நடந்துவந்தன. பல தலைமுறையினர் இவற்றில் கல்வி பெற்றனர். கண்காணிப்பும் கல்வியும் ஒரே நிருவாகத்தின் கீழ் வந்தது இத்திட்டத்தின் தனித்தன்மை ஆகும்.

எதிர்ப்பும் நீக்கமும்

கேரளத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராகப் பணியாற்றிய ஜார்ஜ் ஜோசப் (1887 – 1938) இச்சட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். பிறமலைக் கள்ளர் அவரை அன்புடன் "ரோசாப்பூ துரை" என அழைத்தனர். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆப்பநாட்டு மறவர் மீது இச்சட்டம் பாய்ந்தபோது உ. முத்துராமலிங்கத் தேவர் மக்களைத் திரட்டி எதிர்த்தார். தொடர்ந்து தென் மாவட்டங்கள் முழுவதும் அவர் பரப்புரை செய்தார்.

1947 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் ப. சுப்பராயன் உள்துறை அமைச்சராக இருந்தபோது இச்சட்டம் நீக்கப்பட்டது. நடுவண் அரசு 1949 இல் அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் அமைத்த குழுவும் நீக்கத்தையே பரிந்துரைத்தது. 1952 ஆகத்து 31 முதல் இந்தியா முழுவதும் சட்டம் நீங்கியது. பட்டியலில் இருந்த சமூகங்கள் இதன் பின்னர் சீர்மரபினர் என அழைக்கப்படலாயின. ஆகத்து 31 ஆம் நாளைச் சீர்மரபினர் விடுதலை நாளாகப் பலர் கடைப்பிடிக்கின்றனர்.

நீக்கத்திற்குப் பின்

சட்டம் நீங்கியபோதும் அதன் சாயல் உடனே மறையவில்லை. சென்னை மாகாணம் 1948 ஆம் ஆண்டில் வழக்கமாகக் குற்றம் புரிவோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. பிற மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. இவை பிறப்பை அன்றி முந்தைய தண்டனைகளையே அடிப்படையாகக் கொண்டவை என்பது முக்கியமான வேறுபாடு. எனினும் நடைமுறையில் சீர்மரபினரே இவற்றால் மிகுதியாகக் குறிவைக்கப்படுகின்றனர் என்ற திறனாய்வு தொடர்ந்து எழுந்தது. 2007 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு இவற்றை நீக்குமாறு இந்தியாவிடம் வலியுறுத்தியது.

2024 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றவர்களின் பெயர்கள் காவல் நிலையங்களின் குற்ற வரலாற்றேடுகளில் இயந்திரத்தனமாகச் சேர்க்கப்படுவது குறித்துக் கவலை தெரிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதி அடிப்படையில் வேலையும் இடமும் பிரிப்பதற்கு வழிவகுத்த விதிகளைச் செல்லாதவை என அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதி குறிக்கும் பகுதியை நீக்கவும், சீர்மரபினர் தன்னிச்சையாகக் கைது செய்யப்படாதிருப்பதை உறுதிசெய்யவும் அத்தீர்ப்பு ஆணையிட்டது.

இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்கு மாற்றாக, 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா, பாரதிய சாக்சிய அதினியம் ஆகிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும், செயல், தனிநபர் பொறுப்பு, மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆகிய கருத்துகள் இவற்றிலும் தொடர்கின்றன. 2004 சூலை 24 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் கிளை மதுரையில் இயங்கி வருகிறது. அரசின் ஓர் அறிவிக்கை செல்லுமா என்ற கேள்வியை, 1918 இல் எழுப்ப இயலாதிருந்த அதே மாவட்டத்தின் மக்கள், இன்று தம் ஊருக்கு அண்மையிலேயே உள்ள அந்நீதிமன்றத்தில் எழுப்ப இயலும்.